வண்ணாரப்பேட்டைக்கு ஜாகை மாற்றலாமா?

"வண்ணாரப்பேட்டையிலே ஒரு வீடு காலியாக இருக்கிறதாம். போய்ப் பார்த்து விட்டு வரலாமா?" என்று உங்கள் வீட்டில் ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பாருங்கள். "வட சென்னையா!" என்பார் ஒருவர். "அந்தப் பக்கமெல்லாம் நமக்குச் சரிப்படுமா?" என்பார் இன்னொருவர். சினிமாவில் அரிவாளைத் தூக்கிக் கொண்டு ஓடுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள் என்று மூன்றாமவர் ஞாபகப் படுத்துவார். இந்த மூவரில் எத்தனை பேர் வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஒரு தெருவாவது நடந்து பார்த்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டு விடாதீர்கள். வீண் மனஸ்தாபம் வரும்.

ஆனாலும், நேயர்களே, இந்தக் கேள்வி இப்போது பல குடும்பங்களில் எழத்தான் செய்கிறது. காரணம், பூமிக்கடியில் வந்த ரயில். 2019 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் அண்ணா சாலையின் அடியாக வண்ணாரப்பேட்டையைத் தொட்டது. சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2021 பிப்ரவரியில், அங்கிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர் வரை இன்னும் 9 கிலோ மீட்டர் நீண்டது. 2024 மார்ச்சில் மாநில அரசு வட சென்னை வளர்ச்சித் திட்டம் என்று 4,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வேலைகளைத் துவக்கியது. போதாதா? வீட்டுத் தரகர்கள் வாயில் ஒரு மந்திரம் புகுந்து கொண்டது: "வளர்கிற ஏரியா, சார்!"

வளர்கிற ஏரியா என்றால் என்ன? எது வளர்கிறது, யாருக்காக வளர்கிறது? அங்கே குடி போகிற நமக்கு லாபமா, நஷ்டமா? முன்பே அங்கே இருப்பவர்களுக்கு என்ன ஆகும்? தரகர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். அது அவர் தொழிலுமல்ல. நாம்தான் தராசைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

பேட்டை வந்த கதை

முதலில் ஒரு சிறு சரித்திரம். பயந்து விடாதீர்கள், வீடு பார்க்கப் போகிறவருக்கு இது உபயோகப்படும்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே வந்தது துணி வியாபாரத்துக்காக. நெய்த துணியை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது, வெளுக்க வேண்டும். வெளுப்பதற்குத் தண்ணீர் வேண்டும், உலர்த்துவதற்குத் திறந்த வெளி வேண்டும். இரண்டும் கோட்டைக்கு வடக்கே கிடைத்தன. சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே குடியேறின, வண்ணாரப்பேட்டை பிறந்தது. பின்னால் தறிகள் வந்தன, ஆலைகள் வந்தன. பக்கத்து ராயபுரத்திலிருந்து 1856-ல் வாலாஜா ரோடுக்கு ஓடியதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். ஆக, பட்டணத்தின் தொழிலும் பணமும் ஒரு காலத்தில் இந்தத் திசையில்தான் இருந்தன என்பதை மறந்து விடக் கூடாது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். தியாகராய நகர் என்று நாம் மதிப்பாகச் சொல்கிறோமே, அந்தப் பெயருக்கு உரியவர் சர் பிட்டி தியாகராயச் செட்டியார், அவர் வண்ணாரப்பேட்டைக்காரர்! 1920-களில் மாம்பலத்தில் ஏரி இருந்த பக்கத்தில் புது நகர் அமைத்த போது அவர் பெயரைச் சூட்டினார்கள். பெயர் தெற்கே போயிற்று. பின்னாலேயே வசதியுள்ளவர்களும் போனார்கள். அமைதியான குடியிருப்பு என்று எண்ணி அமைத்த அந்த நகரில் இன்று ரங்கநாதன் தெருப் பக்கம் தீபாவளிச் சமயத்தில் போய் அமைதியைத் தேடிப் பாருங்கள்!

இதிலிருந்து நமக்குக் கிடைக்கிற பாடம் ஒன்று உண்டு. ஒரு பேட்டையின் இன்றைய முகம் நாற்பது வருஷத்துக்கு நிற்காது. "இனிமேல் இப்படி ஆகப் போகிறது" என்ற வாக்கை மட்டும் நம்பி வீடு பிடிப்பது, பெண்ணின் ஜாதகத்தை மட்டும் பார்த்து விட்டுத் தாலி கட்டுவது போல. நேரில் பார்க்க வேண்டாமா?

வரவுப் பக்கம்

சரி, நேரில் பார்ப்போம். ஒரு தம்பதியை வைத்துக் கொள்ளுங்கள். அவருக்குக் கிண்டியில் ஆபீஸ். அவளுக்கு ஹைகோர்ட்டுப் பக்கம் வேலை. இப்போது மேடவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். காலையில் இவர் ஒரு திசை, அவள் ஒரு திசை. இரண்டு பேரும் இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. பழைய வண்ணாரப்பேட்டைக்கு வந்து விட்டால் இருவரும் ஒரே ரயிலில் ஏறலாம். மண்ணடியை அடுத்து ஹைகோர்ட்டு. அவள் இறங்கிக் கொள்வாள். இவர் வண்டி மாறாமல் கிண்டி வரை உட்கார்ந்து பத்திரிகை படித்துக் கொண்டு போகலாம். தினம் இரு வேளையும் மிச்சமாகிற நேரத்துக்கு மாதக் கடைசியில் சம்பளக் கவர் வராது; ஆனால் குழந்தைக்குக் கதை சொல்ல அந்த நேரம் இருக்கும்.

ஆஸ்பத்திரி விஷயம் அடுத்தது. வீட்டில் வயதானவர் இருந்தால் இது சிறிய விஷயமில்லை. பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரியவர்கள் இன்னும் அதைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்வார்கள். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தின் வழியாக வந்த பெயர் அது. அங்குள்ள கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. நள்ளிரவில் நெஞ்சு வலி என்றால், பட்டணத்தின் கோடியில் நவீன அடுக்கு மாடியில் இருப்பவரைக் காட்டிலும் இங்கே சந்துக்குள் இருப்பவருக்குப் பெரிய ஆஸ்பத்திரி சமீபம்.

கடை கண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. எம். சி. ரோட்டுக்கு ஜவுளி எடுக்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். நீங்கள் செருப்பை மாட்டிக் கொண்டு நடந்து போய் வரலாம். காசிமேட்டில் கப்பலடி மீன். மொத்த வியாபாரத்துக்கு ஜார்ஜ் டவுன் எட்டிப் பிடிக்கும் தூரம். மாலையில் வயிறு கிள்ளினால் 'அத்தோ' இருக்கிறது. பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்கள் கூடவே கொண்டு வந்த நூடுல்ஸ் பதார்த்தம் அது. முட்டை, வெங்காயம், புளித் தண்ணீர் எல்லாம் கூட்டிப் பிசைந்து கொடுப்பார்கள். ஒரு தடவை சாப்பிட்டவர் மறு தடவை விலாசம் விசாரிப்பதில்லை.

படிப்புக்கு 1950-லிருந்து சர் தியாகராயா கல்லூரி இருக்கிறது. மெட்ரோவில் அதன் பேரிலேயே ஒரு ஸ்டேஷன். விளையாட்டோ, கேட்கவே வேண்டாம். சந்துக்குச் சந்து காரம் போர்டு. புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா என்ற பெண் 2024-ல் அமெரிக்காவுக்குப் போய் உலகக் காரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கம் ஜெயித்து வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு ஆட்டோ ஓட்டுநரின் மகள். அரிவாள் சினிமாக்காரர்கள் இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் படம் பிடித்தால் தேவலை.

வாடகை? அடையாறு, மயிலாப்பூர்க் கணக்கோடு பார்த்தால் குறைவு என்பது பொதுவான அனுபவம். ஆனால் ஜவுளிக் கடைத் தெருவை ஒட்டிய சந்துகளில் அந்த நினைப்போடு போகாதீர்கள். அங்கே வீட்டோடு போட்டி போடுவது இன்னொரு வீடல்ல. துணி மூட்டை போடுகிற கிடங்கு. கிடங்குக்கு ஜன்னல் வேண்டாம், குழாய்த் தண்ணீர் வேண்டாம், புகாரும் சொல்லாது!

செலவுப் பக்கம்

இனி மறு தட்டு. இதில் ஒளிவு மறைவு கூடாது.

'வட சென்னை' என்பது ஒரே ஊர் அல்ல. எண்ணூரிலும் மணலியிலும் ஆலைகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரம், மின்சாரம் என்று பட்டணத்துக்கு வேண்டியதெல்லாம் உற்பத்தியாகிறது, புகையும் உற்பத்தியாகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. அதே மாதக் கடைசியில் ஓர் இரவு அங்கே அமோனியா வாயு கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். வண்ணாரப்பேட்டை அங்கிருந்து சில மைல் தெற்கே இருக்கிறது என்பது உண்மை. ரயில் பாதை ஓரமாக வடக்கே போகப் போக வாடகை குறைவதைக் கண்டு மகிழ்கிறவர்கள், கூடவே எது நெருங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேற்கே கொடுங்கையூர்க் குப்பை மேடு இருக்கிறது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று மூக்கே சொல்லி விடும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இந்த ஒரு விஷயமே முடிவுக்குப் போதும்.

தண்ணீரைப் பற்றி இரண்டு கேள்வி. வருகிறதா, வந்தால் போகிறதா? முதல் கேள்விக்கு நிலத்தடி நீரை மட்டும் நம்பி விடை சொல்லக் கூடாது. 2013-ல் தண்டையார்பேட்டையில் சில வீடுகளின் கிணற்று நீரில் எண்ணெய் வந்தது. பூமிக்கடியில் போகிற எண்ணெய்க் குழாயில் கசிவு என்றார்கள். ஆகவே 'போர் இருக்கிறது, சார்' என்று சொன்னால் ஒரு செம்பில் பிடித்து முகர்ந்து பாருங்கள். பிறகு பரிசோதனைக்கும் அனுப்புங்கள். இரண்டாவது கேள்வி மழைக்காலத்துக்கு உரியது. கடலோரத் தட்டை நிலம் இது. பக்கிங்காம் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் நிரம்பி விட்டால் மழை நீருக்குப் போக்கிடம் கிடையாது. 2023 புயலின் போது வட சென்னையின் பல தெருக்களில் நாட்கணக்கில் நீர் நின்றது.

சந்துகள் குறுகல். பழைய வீடுகள் நீளமாக, ரயில் பெட்டி போல ஒன்றின் பின் ஒன்றாகக் கட்டியவை. கார் வைத்திருப்பவர் அதை எங்கே நிறுத்துவது என்று வீட்டைக் காட்டிலும் அதிகம் தேட வேண்டும். தீயணைக்கும் வண்டி நுழையுமா என்று பாருங்கள். கேட்கவே சங்கடமான கேள்விதான், ஆனால் ஜவுளிக் கிடங்குகளுக்கு நடுவே கேட்காமல் இருக்க முடியாது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் கடற்கரைச் சாலையில் வரிசை கட்டி நிற்பதும் உண்டு. குழந்தையின் பள்ளிக்கூடம் அந்தச் சாலைக்கு எந்தப் பக்கம், ரயில்வே கேட்டுக்கு எந்தப் பக்கம் என்பதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மெரீனாவின் மணல்

இதுவரை நம் சௌகரியம், அசௌகரியம் பார்த்தோம். இன்னொரு கணக்கு இருக்கிறது. அதை வீடு பார்க்கிறவர்கள் யாரும் பார்ப்பதில்லை.

மெரீனாக் கடற்கரையில் இவ்வளவு விசாலமான மணல் எப்படி வந்தது, தெரியுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டினார்கள். இந்தக் கரையோரமாகக் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக் கொண்டு போகும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்கே தங்கி விட்டது. மெரீனா அகன்றது. வடக்கே ராயபுரத்துக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. அங்கே கடல் கரையை அரித்தது. இன்று கல்லைக் கொட்டிக் கடலைத் தடுத்து வைத்திருக்கிறோம். தெற்கே சுண்டல் வாங்கிக் கொண்டு காலாற நடக்கிறவருக்கு, வடக்கே ஒருவர் வீட்டு வாசல் கடலில் போன விவரம் எப்படித் தெரியும்?

பேட்டை வளர்வதிலும் இந்த மாதிரி நடக்கும். மெட்ரோ வந்தது, நாம் வந்தோம், வாடகை ஏறியது. வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். அதே வீட்டின் பின் கட்டில் இருபது வருஷமாக இருக்கிற குடித்தனக்காரருக்கு? அவர் ஆலையிலோ, துறைமுகத்திலோ, ஜவுளிக் கடையிலோ வேலை பார்ப்பவர். வேலை இங்கேதான், வீடு மட்டும் செங்குன்றத்துக்கோ மீஞ்சூருக்கோ போக வேண்டியதாகி விடுகிறது. நமக்கு மிச்சமாகிற பிரயாண நேரம் அவர் தலையில் ஏறுகிறது.

நாம் எதற்காக இந்தப் பேட்டையை விரும்பினோம்? விடியற்காலையில் வாசலிலேயே இட்லி விற்கிற அம்மாள், அவசரத்துக்குக் கூப்பிட்டால் ஓடி வருகிற அடுத்த வீட்டு அண்ணன், கணக்கு எழுதிக் கொண்டு சாமான் தருகிற கடைக்காரர். எல்லோரும் வாடகை ஏற்றத்தில் கிளம்பி விட்டால், மிஞ்சுவது குறுகலான சந்தும் நாமும்தான். அதற்கு மேடவாக்கமே மேல்!

அப்படியானால் யாரும் அங்கே குடி போகக் கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. ஒரு குடும்பம் போகாததால் வாடகை நிற்காது. ஆனால் எப்படிப் போகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. வீட்டுக்காரர் கேட்பதற்கு மேலே இரண்டாயிரம் நீட்டி, முன்பிருந்தவரைக் கிளப்பி விட்டு நுழைவது ஒரு வகை. காலியான வீட்டைத் தேடி, தெருவில் வழங்குகிற வாடகையை விசாரித்து, அதைக் கொடுப்பது இன்னொரு வகை. போன பிறகு மளிகைச் சாமானைச் செல்போனில் வரவழைக்காமல் தெருமுனைக் கடையில் வாங்குவதும், குழாய்த் தண்ணீர் வரவில்லை என்றால் நம் வீட்டுக்கு மட்டும் லாரி சொல்லி விடாமல் தெருவாரோடு சேர்ந்து மனுக் கொடுப்பதும் பெரிய தியாகங்கள் அல்ல. படித்தவர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டால் மனுவுக்குக் கொஞ்சம் சுறுசுறுப்பு வருகிறது என்பது உலகம் அறிந்த விஷயம். அந்தச் சுறுசுறுப்பு முழுத் தெருவுக்கும் பயன்படட்டுமே.

போகுமுன் செய்ய வேண்டியவை

வீட்டை மூன்று தடவை போய்ப் பாருங்கள். ஆபீஸ் நேரத்தில் ஒரு தடவை; இரவு ஒன்பது மணிக்கு மேல், வீட்டுப் பெண்களையும் அழைத்துக் கொண்டு, ஸ்டேஷனிலிருந்து நடந்தே ஒரு தடவை; நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு தடவை. மழைக்குக் காத்திருக்க முடியாவிட்டால் சுவரைப் பாருங்கள். 2023-ல் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்று தரகர் சொல்லாவிட்டாலும், எதிர் வீட்டுப் பாட்டி முழங்காலைத் தொட்டுக் காட்டுவார்.

வாடகைக்குப் போகிறவர்கள் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து பதிவு செய்து கொள்ளுங்கள். 2019 முதல் அமலில் இருக்கிற வாடகைச் சட்டத்தின்படி, வேறு விதமாக ஒப்புக் கொண்டிருந்தாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. 'பத்து மாதம் கொடுப்பதுதான் இங்கே வழக்கம்' என்று சொன்னால், சட்டத்தையும் வழக்கத்தில் சேர்த்துக் கொள்ளலாம் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

சொந்தமாக வாங்குகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எட்டு வீட்டுக்கு மேல் கட்டுகிறவர்களும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் கட்டுகிறவர்களும் 'ரெரா'வில் பதிவு செய்தாக வேண்டும். குறுகிய சந்தில் பழைய வீட்டை இடித்து விட்டு நாலு வீடு, ஐந்து வீடு என்று எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த வலையில் சிக்க மாட்டார்கள். அங்கே வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், கட்டட அனுமதி மூன்றையும் உங்கள் வக்கீலே பார்க்கட்டும். பழைய குடும்பச் சொத்துக்களில் பங்காளிகள் அதிகம்; ஒருவர் கையெழுத்து விட்டுப் போனாலும் வீடு வாங்கினவர் கோர்ட்டு வாசலில்தான் குடியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு வெயிலும் ஒரு மழையும் கழியட்டும். பிறகு வாங்கலாம்.

கடைசியாக

தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்கிறீர்களா? வேலை மெட்ரோ பாதையில், வீட்டில் வயதானவர்கள், கார் இல்லை, நாலு பேர் பேச்சுச் சத்தம் பிடிக்கும் என்றால், பழைய வண்ணாரப்பேட்டை உங்களுக்கு ஏற்ற இடம். மூச்சுக் கோளாறு, பெரிய கார், வாசலில் தோட்டம், யாரும் கதவைத் தட்டக் கூடாது என்ற சுபாவம், இவற்றில் இரண்டு இருந்தாலும் வேறு பக்கம் பாருங்கள். ஐந்து வருஷத்தில் விலை இரட்டிப்பாகும் என்ற ஆசைக்காக மட்டும் வாங்க நினைத்தால், நீங்கள் தேடுவது வீடல்ல. அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

தரகர் எதைக் காட்டினாலும் அது நாளைக்கு வரப் போகிறதா, இன்றைக்கு இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். நாளைக்கு வரப் போகும் பாலத்தின் மேல் இன்றைக்கு நடக்க முடியாது. இன்றைக்கு இருக்கிற ரயில், ஆஸ்பத்திரி, குழாய், அடுத்த வீடு இவற்றை வைத்து உங்கள் மனம் சரி என்று சொன்னால் தைரியமாகச் சாமான் கட்டுங்கள். போன முதல் நாளே பால் காய்ச்சி அடுத்த வீட்டுக்கும் ஒரு டம்ளர் கொடுத்து விடுங்கள். சாயந்திரத்துக்குள் அந்த டம்ளர் காலியாகத் திரும்பி வராது.